தொரசாணியை இழுத்துக்கொண்டு போன நாள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சோற்றில்கூட மண்ணெண்ணெய் மணக்கும். அரிசி களையும் அலுமினியச் சட்டியில் அப்பா காபரேட்டரைக் கழற்றிப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்திருப்பார். பிறகு அம்மா அடுப்புச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினாலும் அந்த வாசனை சட்டியை விட்டுப் போகாது. "வேற சட்டியே கெடைக்கலயா ஒங்களுக்கு?" என்று அம்மா கேட்பாள். அவளே வாசலில் சாக்கை விரித்து, கழற்றிய நட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதால் அந்தக் கேள்வியில் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கமாக ஏறும் வீதியோரத்தில் எங்கள் வீடு. அப்பா ஹயர் கார் ஓட்டினார். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளை மாத்தளை ஆஸ்பத்திரிக்கு இறக்குவதும், கல்யாணப் பெண்ணைக் கோயிலுக்குக் கொண்டுபோவதும் அவர் வேலை. காரோ, எந்தக் காலத்திலோ இங்கிலாந்திலிருந்து வந்து, ஒரு தோட்டத்துத் தொரையின் மனைவி ஓட்டி, அவர்கள் கப்பலேறிப் போனபின் நாலைந்து கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்த கறுப்புக் கிழடு. அதனால் அதற்கு எங்கள் வீட்டுப் பெயர் "தொரசாணி". "தொரசாணிக்கு இன்னைக்கு மேலுக்கு முடியல" என்று அப்பா சொன்னால் ஹயர் இல்லை என்று அர்த்தம்.

கராஜுக்குக் கொண்டுபோகும் வழக்கமே எங்களிடம் இல்லை. கழற்றுவதும் பூட்டுவதும் வாசலில்தான். அப்பாவுக்குத் தடித்த விரல்கள். பெரிய நட்டுகளோடு மல்லுக்கட்டுவது அவர் பாடு. கலியாணத்துக்கு முன்பு கொழுந்து பறித்தவள் அம்மா. அவளுடைய விரல்கள் கண்ணை விடவும் வேகமாக வேலை செய்யும். என்ஜினுக்கு நெருப்புப் பொறி பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டர் என்ற சாமானைத் திறந்து, அதன் உள்ளேயிருக்கும் "பொயின்ட்" இடைவெளியைச் சவர பிளேடை நுழைத்துப் பார்த்துச் சரிசெய்வது எப்போதும் அவள்தான். "கழட்டுறப்ப வரிசையா வச்சா, பூட்டுறப்ப சாமியக் கூப்பிட வேணாம்" என்பாள். பாதி வழியில் கார் நின்று சனங்கள் கூடித் தள்ளும் நாட்களில் அப்பா சொல்வது வேறு: "தள்ளுற வண்டிக்கு ஊரே சொந்தம்."

அப்படிச் சொந்தமானவர்களில் முதல் ஆள் ரசீன் நானா. மிளகும் கராம்பும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற வியாபாரி, சொந்தத்தில் ஒரு லொறி வைத்திருந்தார். வாரம் ஒரு தரமாவது வந்து, அம்மா ஊற்றிய பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே, "இத வித்துப் போட்டு ஒரு மாடு வாங்குங்க தம்பி, பாலாவது ஈக்கும்" என்று அப்பாவைச் சீண்டாமல் போகமாட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது. டிஸ்ரிபியூட்டரின் நடுத்தண்டு தேய்ந்து, மூடியும் வெடித்து, தொரசாணி வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தச் சாமான் கிடைக்கிற ஒரே இடம் கொழும்பில் பஞ்சிகாவத்தை. பழைய உதிரிப்பாகங்கள் மலைமாதிரிக் குவிந்து கிடக்கும் கடைகளில் அரைநாள் கிளறினால் எந்தக் காலத்துக் காரின் சாமானும் அகப்படும் என்பது அப்பாவின் நம்பிக்கை. வழக்கமாகப் பழுதான பழைய சாமானைப் பையில் போட்டுக்கொண்டு போய், "இதே மாதிரி" என்று காட்டித்தான் வாங்குவார். இந்த முறை அம்மா விடவில்லை. கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். பஸ்ஸை நிறுத்தி இறக்கி, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டதும் தனியாக நிற்கவைக்கும் சோதனைச் சாவடிகள் வழிநெடுக இருந்தன.

"வயரும் கியருமா இருக்கு. இதத் தூக்கிட்டுப் போனீங்கன்னா போறப்பவே புடிச்சி வச்சிருவானுங்க" என்றாள்.

"அப்ப எதக் காட்டி வாங்குறது?"

வழி சொன்னவள் நான். சித்திரம் எனக்கு நன்றாக வரும் என்று பள்ளிக்கூடத்தில் பேர். டிஸ்ரிபியூட்டரை மேசைமேல் வைத்து, கணக்குக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வட்ட மூடி, அதிலிருந்து கிளம்பும் வயர்கள், கீழே நீளும் தண்டு என்று எல்லாவற்றையும் வரைந்தேன். நாலு பிளக்குகளுக்கும் எந்த ஒழுங்கில் பொறி போகும் என்பதை அம்மா "ஒன்னு, மூணு, நாலு, ரெண்டு" என்று பாட்டுப்போலச் சொல்வாள். அந்த இலக்கங்களையும் வயர்களின் பக்கத்தில் எழுதினேன். அப்பா தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்குடா" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதிகாலை பஸ்ஸில் போனவர் பொழுதுபட்டும் வரவில்லை. அதே பஸ்ஸில் திரும்பி வந்த ஒருவர்தான் தேடி வந்து சொன்னார்: சாமானை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் ஒரு சாவடியில் அப்பாவின் பையைத் திறந்தார்களாம், உள்ளே வயர்கள் நீட்டிக்கொண்டிருந்த இரும்புச் சாமானைக் கண்டதும் எல்லாரையும் தள்ளிப்போகச் சொன்னார்களாம். அதோடு விட்டிருப்பார்களோ என்னவோ, சட்டைப்பையைத் தடவியபோது ஒரு தாள் அகப்பட்டதாம். குண்டு செய்கிற முறையை வரைந்து, நம்பர்கூடப் போட்டு வைத்திருந்தாராம் என்று அவர் சொன்னபோது, அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அந்த இடத்திலேயே செத்திருப்பேன்.

மறுநாள் ரசீன் நானா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்பாவை வைத்திருந்த பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அது எந்த ஊர் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. இருவருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும் பயனில்லை. அது கார் சாமான் என்று அம்மா சொல்லச் சொல்ல, எந்தக் கார், எங்கே கார் என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். வீட்டில் நிற்கிறது என்றதற்கு மேசையிலிருந்த அதிகாரி, "எஹெனம் கார் எக கேன்ன" என்றாராம். அப்படியானால் காரைக் கொண்டுவா என்று. அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா, எழுந்து போகட்டும் என்று சொன்னாரா தெரியாது. அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"நானா, லொறியில கட்டி இழுக்கலாமா?"

"இழுக்கலாம் தங்கச்சி. ஸ்டேரிங்க யாரு புடிக்கிற?"

"நான்தான்."

அம்மா அதுவரை கார் ஓட்டியதே கிடையாது. தள்ளும்போது ஸ்டேரிங்கைத் திருப்பியிருக்கிறாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை, தேங்காய்த் தும்புக் கயிற்றை மூன்றாக முறுக்கி லொறியின் பின்னால் தொரசாணியைக் கட்டினார்கள். நான் வரக்கூடாது என்றாள் அம்மா. படத்தை வரைந்தது நான்தான், நான் சொன்னால்தான் நம்புவார்கள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுததில் ஏற்றிக்கொண்டாள். இறக்கத்தில் லொறியை முட்டாமல் இருக்க பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தாள். வளைவுகளில் உதட்டைக் கடித்தாள். எங்களுக்கு நடுவில் சீட்டில், அவளுடைய பழைய சேலைத்துண்டில் சுற்றிய, நட்டுக் கழற்றும் சாவிகளும் பழுதான பழைய டிஸ்ரிபியூட்டரும் கிடந்தன. வழிச் சாவடியில் நிறுத்தியவர்களிடம் ரசீன் நானா இறங்கிப் பேசி, பொலிஸ்தான் வரச் சொன்னது என்று சொல்ல, அவர்கள் கயிற்றையும் காரையும் பார்த்துச் சிரித்து விட்டுவிட்டார்கள்.

பொலிஸ் நிலைய முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. முதலில் பழைய சாமானை எடுத்துக் காட்டினாள் அம்மா. "இப்படி இன்னொன்றும் இருக்கிறதா?" என்று ஒருவர் அதையும் பறித்துக்கொண்டார். நேற்றைய அதிகாரி வெளியே வந்து காரைச் சுற்றி நடந்தார். நரைத்த மீசைக்காரர். தான் சொன்னதை ஒருத்தி உண்மையாகவே செய்துவிட்டாள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்பாவை அழைத்து வந்தார்கள். இடுப்பு வார் இல்லாமல் காற்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு உடனே தலையைத் திருப்பிக் காரைப் பார்த்தார்.

சாமானை அவரையே பூட்டச் சொல்வார்கள் என்று நினைத்தோம். அதிகாரி சம்மதிக்கவில்லை. இவன் கையில் அதைக் கொடுக்க முடியாது, கார் சாமான் என்று நீதானே சொன்னாய், நீயே பூட்டு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அப்பா வாயைத் திறக்கக்கூடாது என்றும் உத்தரவு. அப்பாவின் பையிலிருந்த சாமானை எடுத்து வந்து காரின் முன்னால் வைத்துவிட்டு, துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் மண்மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். திறந்த பொனட்டின் முன்னால் நானும் அம்மாவும் ரசீன் நானாவும் மட்டும் நின்றோம்.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். நான் சாவிகளை எடுத்துக் கொடுத்தேன். தண்டை இறக்கினாள், திருகி உட்காரவைத்தாள், வயர்களை ஒவ்வொன்றாக பிளக்கில் சொருகினாள். எப்போதும் சொல்கிற அந்த இலக்கப் பாட்டை அன்று அவள் சொல்லவில்லை. பிறகு உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினாள். பெட்டரி இறங்கிக் கிடந்ததால் ரசீன் நானா சாரத்தை மடித்துக் கட்டி, "பிஸ்மில்லாஹ்" என்று முன்னால் ஹேண்டிலைச் சுற்றினார். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினார்.

"டமார்" என்றது.

சைலன்சருக்குள் பெற்றோல் வெடித்த சத்தம் அது. எங்கள் வாசலில் வாரத்துக்கு ஒருமுறை கேட்கிற சத்தம். அங்கே அந்தச் சத்தத்துக்கு மண்மூட்டைகளின் மேல் துப்பாக்கிகள் நீண்டன. யாரோ கத்தினார்கள். ரசீன் நானா இரண்டு கையையும் மேலே தூக்கியபடி அப்படியே நின்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கால் வழியாக மூத்திரம் போனது.

முதலில் அசைந்தவர் அந்த நரைத்த மீசை அதிகாரிதான். கையிலிருந்த ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். என்னுடைய கணக்குக் கொப்பித் தாள். பொனட்டுக்குள் எட்டிப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ஒவ்வொரு வயராக விரலை வைத்து அது எந்த பிளக்கில் போய் முடிகிறது என்று தொடர்ந்து போனார். மூன்றாவதில் விரல் நின்றது. "மேக வெரதியி" என்றார். இது பிழை.

அம்மா இறங்கி வந்து பார்த்தாள். மூன்றும் நாலும் இடம் மாறியிருந்தன. இரண்டையும் பிடுங்கி மாற்றிச் சொருகினாள். அதிகாரி அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. தாளைப் பிடித்தபடி எங்களோடேயே நின்றார். ரசீன் நானா ஹேண்டிலைச் சுற்றினார். இரண்டாம் சுற்றில் தொரசாணி இருமினாள், உதறினாள், பிறகு கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

அதிகாரி கொஞ்சநேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் காட்டி, படம் இவள் வரைந்ததா என்று கேட்டார். அம்மா ஆமென்றாள். அவர் தாளை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு, பொனட்டைத் தன் கையாலேயே இறக்கி மூடினார். வாக்குமூலம் எழுதி, கையெழுத்து வாங்கி, அப்பாவை அனுப்ப மத்தியானமாகிவிட்டது. என்ஜினை நிறுத்த அம்மாவுக்குப் பயம். அதுவரை தொரசாணி முற்றத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது அப்பாதான் ஓட்டினார். ஏற்றம் தொடங்குகிற இடத்தில், "ஐட்லிங் கொஞ்சம் கூடவா இருக்கு" என்றார். அம்மா, "வீட்டுக்குப் போய்க் கொறைச்சிக்கலாம்" என்றாள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க ஓர் ஓடைப் பக்கம் நிறுத்தியபோது, வாளியை வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்திய அப்பா, தோள் குலுங்க நெடுநேரம் எழும்பவேயில்லை. எங்களுக்குப் பின்னால் நிறுத்திய லொறியிலிருந்து ரசீன் நானா இறங்கி வந்து, வாளியை எடுத்துத் தண்ணீர் மொண்டு, ரேடியேட்டரை நிரப்பினார்.

அதற்குப் பிறகும் பல வருடம் எங்கள் வாசலில் கழற்றலும் பூட்டலும் நடந்தன. அப்பா அந்த மூன்று நாட்களைப் பற்றிப் பேசமாட்டார். ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அங்க என்னோட ஒரு பையன் இருந்தான். அவன் பையில இருந்தது ரேடியோ. அவனுக்கு இழுத்துட்டு வர்றதுக்கு ஒன்னும் இல்ல" என்றார். அந்தப் பையனின் பெயர் அவருக்கும் தெரியாது. அதன் பின் கையிலெடுத்த சோற்றை அவர் சாப்பிடவில்லை.

இப்போது அப்பா இல்லை. ரசீன் நானாவும் இல்லை. தொரசாணியைப் பழைய கார் சேர்க்கிற ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். அந்தச் சாவடி இருந்த இடத்தில் ரம்புட்டான் விற்கிறார்கள். கார் சாமான் வேண்டுமென்றால் போனில் சொன்னால் பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்புகிறார்கள்; வழியில் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நானும் ஒரு ஜப்பான் கார் வைத்திருக்கிறேன். பெட்டரியில் ஓடத் தொடங்குகிற வகை. பொனட்டுக்குள் என்ன இருக்கிறது என்று இதுவரை நான் பார்த்ததில்லை.

எழுபதைத் தாண்டிய அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது அதில்தான். ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, நான் பொத்தானை அழுத்தியதும் முதுகைச் சாய்க்காமல் முன்னால் குனிந்தபடியே இருப்பாள். சத்தமே இல்லாத கார் அது.

"ஸ்டார்ட் ஆயிருச்சா?" என்பாள்.

"ஆயிருச்சும்மா."

அதன் பிறகுதான் சாய்ந்து உட்காருவாள்.