முழங்கையாரின் ஜன்னல் சீட்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. தொழிற்சாலைச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. தெருவுக்கு அவர் முழங்கையார். ஆள் என்னவோ ஒடிசல்தான். பலமாகக் காற்றடித்தால் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொள்வார். ஆனால் கூட்டம் என்று ஒன்றைக் கண்டுவிட்டால் வலது முழங்கை தானாக விறைத்துக்கொள்ளும். பால் பூத்தோ, சினிமா கவுண்டரோ, ஆஸ்பத்திரி டோக்கனோ, நெரிசல் எங்கேயோ அங்கே தெருக்காரர்கள் அவரைத்தான் அனுப்புவார்கள். போன காரியம் கையிலும், சட்டையில் ஒரு பொத்தான் குறைவாகவும் திரும்பி வருவார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். படையிலும் ஒரு கவுண்டர் இருந்திருந்தால் அங்கேயும் முந்தியிருப்பார் மனுஷன்.

கல்யாணமே அப்படி நடந்ததுதான். தொழிற்பேட்டைக்குப் போகும் காலை பஸ் அவர்கள் தெருமுனையிலிருந்து கிளம்பும். ஒருநாள், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஏற முடியாமல் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். முழங்கையார் உள்ளே பாய்ந்து, ஜன்னல் சீட்டில் தன் சாப்பாட்டுப் பையைப் போட்டு, அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனார். மறுநாளும் அப்படியே. கல்யாணமாகித் தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அவளுக்கு ஜன்னல் சீட், அவருக்குப் படிக்கட்டு. ஆசையாக ஒரு வார்த்தை பேச வராது அவருக்கு. சீட் பிடித்துக் கொடுப்பார், அதற்குள் எல்லாம் அடக்கம்.

அப்போதுதான் வெளிநாட்டுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். தெருப் பையன்கள் ஆளுக்கொரு தேசம் பறந்துவிட, தொழிற்பேட்டையில் வேலைக்கு ஆளில்லாமல் போனது. கம்பெனிக்காரர்கள் கடல் தாண்டி ஆட்களைக் கொண்டுவந்து காலியாகக் கிடந்த மாடி அறைகளில் குடிவைத்தார்கள். தெரு புலம்பியது. வாடகை ஏறிவிடும், மாடிப்படியெல்லாம் செருப்பாகக் குவியும் என்றது. வாடகை ஏறியது, அந்த நிமிஷமே வீட்டுக்காரர்கள் புலம்பலை நிறுத்திக்கொண்டார்கள். செருப்பும் சேர்ந்தது, ஆனால் ஜோடி ஜோடியாக, நூல் பிடித்தாற்போல நேராக. செருப்பே இப்படி நின்றால் ஆட்கள் எப்படி நிற்பார்களோ என்று முழங்கையார் பயந்தார்.

பயந்தது நடந்தது. பஸ் நிறுத்தத்தில் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முதலில் உள்ளூர்க்காரர்கள் சிரித்தார்கள். பிறகு கூச்சப்பட்டார்கள். ஒருநாள் கணக்கு வாத்தியார் வரிசைக்குப் பின்னால் போய் நின்றார். அவரைப் பார்த்துத் தையல்காரர். தையல்காரருக்குப் பின்னால், ஐயோ, முழங்கையாரின் சொந்த மனைவி.

தொழிற்சாலைக் கேன்டீனில் அவர் பொருமித் தீர்த்தார்.

“வேலையைப் பறிச்சாக்கூடப் பொறுத்துக்கலாம்யா. வரிசையைக் கொண்டாந்துட்டாங்களே!”

விடக்கூடாது என்று மறுநாள் முழங்கையை விறைத்துக்கொண்டு பக்கவாட்டிலிருந்து பாய்ந்தார். முன்னால் நின்றவர் வந்தவர்களில் ஒருவர், ஆஜானுபாகுவான வெல்டர். பாவம், பெரியவருக்கு என்ன அவசரமோ என்று நினைத்து மரியாதையாக விலகி வழிவிட்டார். அவருக்குப் பின்னால் வரிசை முழுதும் ஓரடி பின்வாங்கியது. ஆயுள் முழுக்க எதிர்ப்பை நம்பியே முண்டிய மனுஷர் எதிர்ப்பில்லாத இடத்தில் என்ன செய்வார்? அதே வேகத்தில் பறந்து, படியைத் தாண்டி, இன்ஜின் பெட்டிமேல் குப்புற விழுந்து, நெற்றியால் ஹாரனை அழுத்தினார். அது நிற்காமல் அலறியது. வெல்டர் அவருடைய ஒற்றைச் செருப்பைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதைவிட அவர் அறைந்திருக்கலாம்.

அன்று மனைவி தன் முறை வந்ததும் ஏறி, தானே ஒரு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நெற்றியைவிட அதுதான் அவருக்கு வலித்தது. இனி இவளுக்கு நான் எதற்கு என்ற கேள்வி நாளெல்லாம் கூடவே வந்தது. சாயங்காலம் அதைக் கேட்கப் போய், தைலம் எங்கே என்று கேட்டுவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து வேலைக்கு நடந்தே போனார். ஏன் என்று கேட்டவளிடம் உடம்புக்கு நல்லது என்றார்.

இரண்டு வாரத்தில் குதிகால் தேய்ந்து ஞானம் பிறந்தது. ஒருநாள் விடியுமுன் எழுந்து போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். இரண்டாவதாக வந்தவர் அதே வெல்டர், அதற்குள் நம் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தார். சும்மா நிற்க முடியாமல் முழங்கையார் கேட்டுவிட்டார்.

“ஏம்ப்பா, உங்க ஊர்லயே எல்லாரும் இப்படித்தானா?”

“இல்லைங்க ஐயா. நாங்களும் முண்டுறவங்கதான். இங்க வர்றதுக்குத் துறைமுகத்துல நாள்கணக்கா நின்னோம். முண்டினவனைக் கடைசிக்கு அனுப்பிடுவாங்க, சிலபேரைத் திருப்பியே அனுப்பிட்டாங்க. அந்தப் பயம் இன்னும் கால்ல இருக்கு.”

முழங்கையாருக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை நாளும் திமிர் என்று நினைத்தது பயமாம். பையிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து வெல்டரிடம் நீட்டினார்.

மனைவி வந்தாள். முழங்கையார் தன் இடத்தில் அவளை நிறுத்திவிட்டு வரிசையின் கடைசிக்கு நடந்தார். கடைசி வெகுதூரத்தில் இருந்தது.

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி, முதல் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தாள். வெல்டர் உட்கார வந்தார்.

“ஆள் வருது” என்றாள்.

கணக்கு வாத்தியார் வந்தார். ஆள் வருது. கண்டக்டரே வந்து, சீட் பிடிக்கும் காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று சட்டம் பேசிப் பையை எடுக்கப் போனார். அவள் முழங்கையை விறைத்து நீட்டினாள். யாரிடம் கற்ற வித்தை! கண்டக்டர் விலாவைத் தடவிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

கடைசியாக ஏறிய முழங்கையார் பழக்கதோஷத்தில் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

“ஏங்க, இத்தனை வருஷமா தொங்கினது போதாதா? வந்து உக்காருங்க.”

போனார். உட்கார்ந்தார். ஒரே பஸ்ஸில் ஒரு ஆயுள் போய்வந்தவர்கள், அருகருகே உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“உன் ஒருத்திக்காகத்தான் முண்டினேன்” என்றார் மெதுவாக.

“தெரியும். முழங்கை இடிக்குது, கொஞ்சம் மடக்குங்க.”

மடக்கினார். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முண்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் வரிசையில் வரவிட்டார் முழங்கையார்.