மடுல்கெல்லைப் பெண்ணுக்கு நிலாவெளியில் பந்தல்

கலியாணத்துக்கு இடம் பார்க்கச் சொன்னால் ராக்கம்மா முதலில் கக்கூஸைத்தான் பார்ப்பாள். அடுத்தது தண்ணீர்க் குழாய். அதற்கும் பிறகு, பஸ்ஸில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்து இறங்கும் பெண்கள் சேலை மாற்றக் கதவுள்ள ஓர் அறை. மணவறையெல்லாம் கடைசியில். "முட்டிக்கிட்டு நிக்கிறவன் பொண்ணு மாப்பிள்ளையவா பாப்பான்?" என்பாள்.

விடிவதற்குள் கண்டி மாநகரசபைக்காக மார்க்கெட் தெருவைக் கூட்டி முடிக்கிற உத்தியோகம் அவளுடையது. கலியாணம், கருமாதி என்று ஓடுகிற மற்ற வேலையை யாரும் அவளிடம் கொடுக்கவில்லை; அதுவாக வந்து சேர்ந்தது. குடியிருக்கிற மஹய்யாவையில் இருபது வருடமாக அவள் முன்னால் நிற்காமல் ஒரு தாலியும் ஏறியதில்லை, ஒரு பாடையும் இறங்கியதில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சேலையைத்தான் இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு போவாள். முகம் மட்டும் மாறும்.

அப்படிப்பட்டவளுக்கே மடுல்கெல்லைத் தோட்டத்து அண்ணன் மகள் யோகமலரின் கலியாணம் தொண்டையில் முள்ளாய் நின்றது.

மாப்பிள்ளை சேதுராமனும் மடுல்கெல்லைக்காரன்தான். கிழக்குக் கரை நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். சண்டை ஓய்ந்து அந்தக் கரைக்குச் சனம் வரத் தொடங்கிய நாளிலிருந்து அங்கேயே இருக்கிறான். ஹோட்டல் முதலாளி, கலியாணத்தை என் கடற்கரையிலேயே வை, சாப்பாடும் இடமும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். யோகமலருக்கும் அதிலேதான் ஆசை. முடியாது என்றவள் பெண்ணின் தாய் பாலம்மா.

"கடக்கரையில கருமாதி செய்வாங்க, தாலி கட்டுவாங்களா? நான் வர மாட்டேன். நான் இல்லாம நடத்திக்கிறதுன்னா நடத்திக்கங்க."

தாய் வராவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்றாள் மகள். முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருந்தது. நாத்தனாரை அனுப்பினால் பாலம்மா இளகுவாள் என்று எல்லாரும் ராக்கம்மாவைப் பார்த்தார்கள். ஆனால் ராக்கம்மா பஸ் ஏறவில்லை. பாலம்மா சொன்னது பொய்யில்லையே. எத்தனையோ பானைச் சாம்பலைத் தண்ணீரில் விட்ட கை ராக்கம்மாவுடையது.

மழை பெய்து விட்ட ஒரு விடியற்காலை. விளக்குமாற்றுக்கு முன்னால் தண்ணீர் கோசு இலைகளைத் தள்ளிக்கொண்டு சாக்கடைக் கானுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ராக்கம்மா அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, லொறியிலிருந்து மரக்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அக்குறணை மக்கீன் நானாவிடம் போனாள். கெட்டம்பேயில் ஓடுகிற நம்ம ஆறு கடைசியில் எங்கே போகிறது என்று கேட்டாள்.

"மகாவலியா? மூதூர்ப் பக்கம் போயித்தான் கடல்ல விழுகுது. அந்தப் பாலத்தால நான் எத்தன தரம் லொறி ஓட்டியீக்கேன்."

"மூதூர்க் கடலும் நிலாவெளிக் கடலும் ஒண்ணா நானா?"

மக்கீன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே சிரித்தார். "கடலுக்கு வேலியா கட்டியீக்குது, ராக்கம்மா?"

அன்று பகலே அவள் மடுல்கெல்லைக்குப் பஸ் ஏறினாள். லயத்து வீட்டு வாசலில் பாலம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரைக் கண்டும் நிமிரவில்லை. ராக்கம்மா பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணி, அண்ணன் சாம்பல எங்க கரைச்சோம்?"

"கெட்டம்பேயில. பானைய நீதானே சொமந்த."

ஆறு போகிற வழியை ராக்கம்மா சொன்னாள். மக்கீன் நானா கண்ணால் கண்டதென்றும் சொன்னாள். சுளகு மெதுவாகி நின்றது.

"அது செத்தவங்க எடந்தான் அண்ணி, நான் இல்லேங்கல. ஆனா அங்க இருக்கிறது நம்ம ஆளு. மகளுக்குத் தாலி ஏறுறத அவரு பாக்க வேணாமா?"

பாலம்மா சுளகை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அரிசியில் இல்லாத கல்லைத் தேடினாள்.

"அந்தாளுக்கு நீச்சலே தெரியாது," என்றாள் கடைசியில். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

அதன்பின் ராக்கம்மாவைப் பிடிக்க முடியவில்லை. மூன்று நாள் முன்னதாகவே நிலாவெளிக்குப் போய்விட்டாள். கடலை அவள் காலிமுகத்திடலில் ஒரே தரம் பார்த்திருக்கிறாள். அது தூரத்துச் சங்கதி. இங்கே அதோடு வேலை செய்ய வேண்டும். முதல் நாளே, முகூர்த்தம் விழுகிற அதே மணிக்கு மணலில் ஊதுபத்தியை ஏற்றி நட்டு, புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்தாள். ஹோமத்தை மேலே வைத்தால் காற்று தின்றுவிடும் என்று முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டச் சொன்னாள். வாழை மரங்கள் மணலில் நிற்காமல் சாய்ந்தன. பழைய பெயின்ட் வாளிகளில் மணலை நிரப்பி அவற்றில் நட்டாள். ஹோட்டல்காரர்கள் வரிசையாகப் போட்டிருந்த வெள்ளைக் கதிரைகளில் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தாள். கால்கள் நாலும் மணலுக்குள் இறங்கின. கதிரைகளை எடுத்துவிட்டுப் பாய் விரிக்கச் சொன்னாள்.

சண்டை வந்தது மணவறையால்தான். படத்தில் கடல் விழ வேண்டுமென்று மெனேஜர் அதைக் கடலுக்கு முதுகு காட்டி வைத்திருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும், இந்தக் கரையில் கிழக்கு என்றால் கடல்தான் என்று ராக்கம்மா மாநகரசபைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். அப்படியானால் படத்தில் ஹோட்டல் சுவர்தானே தெரியும் என்றார் அவர்.

"சுவர் தெரியட்டும் மாத்தயா. கடல் படத்துல விழ வேணாம், பொண்ணு கண்ணுல விழுந்தாப் போதும்."

மணவறையைத் திருப்பினார்கள். காலை வெயில் பெண்ணின் முகத்தில் அடிக்காமலிருக்கப் பந்தலின் முன்கூரையைச் சாணளவு தாழ்த்தினாள். மணையில் தானே உட்கார்ந்து, சூரியன் மறைந்து கடல் மறையாத இடத்தில் கயிற்றை முடிந்தாள். பாய்களை இரண்டு பக்கமும் விரித்து, நடுவே தண்ணீர் வரை வெறும் மணலாக விட்டாள்.

கலியாணத்தன்று காலை மடுல்கெல்லைச் சனம் வந்திறங்கியது. ராக்கம்மா முதலில் கைகாட்டியது சேலை மாற்றும் அறையை. பாலம்மா மட்டும் கடலின் பக்கம் திரும்பாமலே நடந்து, ஆகக் கடைசிப் பாயின் மூலையில் போய் உட்கார்ந்தாள். அட்சதைத் தட்டு அவளிடம் வந்தபோது, தாலியிழந்தவள் என்று கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். தட்டைப் பிடித்திருந்தவள் ராக்கம்மா. நகரவில்லை. பின்னால் தட்டுக்காகக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ராக்கம்மா அப்படியே குனிந்து நின்றாள். பாலம்மாவின் கை மெல்ல வெளியே வந்து ஒரு பிடி அள்ளியது.

மேளம் உச்சத்துக்குப் போனது. சேதுராமன் தாலியைக் கட்டினான். மஞ்சளரிசி எல்லாப் பக்கமிருந்தும் பறந்தது. பாலம்மா எழுந்து நின்று பாதியை மகள் தலைமேல் எறிந்தாள். மீதியைக் கைக்குள் மூடிக்கொண்டு, ஒருவரும் உட்காராத அந்த நடு மணலில் இறங்கி நடந்தாள். சேலைக் கரை நனையும் வரை போனாள். எறியவில்லை. குனிந்து தண்ணீரில் கையை விரித்தாள்.

ராக்கம்மா அதைப் பார்த்தாள். மேளக்காரர்களிடம் இன்னும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லிவிட்டு, பந்திக்கு இலை போடப் போனாள்.