மாமா எடுக்காத படம்

அம்மாவின் தம்பியான என் மாமா பண்ருட்டியில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாக இருந்தார். கல்யாண ஜோடிகளின் முகவாயைத் தொட்டு நிமிர்த்திவிடுவதுதான் அங்கே அவர் வேலை. ஒரு நாள் பழைய பேப்பர் கடையில் அவருக்கு ஒரு வெளிநாட்டுப் புத்தகம் கிடைத்தது. தாள் வழவழப்பு, முந்திரிப் பொட்டலம் மடிக்க உதவவில்லை. அதனால் பிழைத்த புத்தகம். எங்கோ ஒரு குளிர் நாட்டின் சுரங்கத் தொழிலாளிகளை, அவர்கள் பாட்டுக்கு இருக்கும்போது எடுத்த படங்கள். முகமெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளை.

இப்படி ஒரு புத்தகம் நம் பக்கம் யாரும் போட்டதில்லை, நெய்வேலியை வைத்துத் தானே போடப்போவதாக மாமா அறிவித்தார். யாரும் செய்யாததைச் செய்யப்போகிறவர், அதற்காக அந்தப் புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரவல் கேமராவோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். முதல் ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவைப் பார்த்ததும் மாமாவின் முகம் தொங்கிப்போனது. எங்கள் மைன்ஸ் திறந்தவெளிப் பள்ளம். அங்கே மண்ணை வெளியே கொண்டுபோகும் பெல்ட்டில் வேலை பார்த்த அப்பா செம்மண் புழுதியோடுதான் வருவார், கரியோடு அல்ல. மாமா சளைக்கவில்லை. சட்டியின் அடிக்கரியைச் சுரண்டி, தேங்காய் எண்ணெயில் குழைத்து அப்பாவின் முகத்தில் பூசினார். மச்சான் ஆசைப்படுகிறானே என்று அப்பாவும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் வேதனையோடு பார்க்கச் சொன்னபோதெல்லாம் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஃபிலிம் தீரும்வரை சிரித்தார்.

இதற்குள் அம்மா அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் அவள் கை நின்றது. தலையில் துணி கட்டிய பெண்கள், மழையில், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தபடி நிற்கிறார்கள். இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். மாமா அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஸ்ட்ரெச்சரில் போர்த்திய ஓர் உருவம்.

“சுரங்கம் சரிஞ்சிருக்கும் போலக்கா. உள்ள போன புருஷங்க வருவாங்களான்னு நின்னுகினு இருக்காங்க.”

அம்மா புத்தகத்தை மூடினாள்.

“மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க” என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் எழுந்திருக்கும் முன்பே சோப்பும் துண்டுமாக வந்து, குழந்தைக்குத் தேய்ப்பதுபோலத் தானே தேய்த்துவிட்டாள்.

படங்களைக் கழுவிப் பார்த்த ஸ்டுடியோ முதலாளி, கூத்துக்கு வேஷம் கட்டியவரா இவர் என்று கேட்டாராம். மாமாவின் புத்தகம் அத்தோடு முடிந்தது.

ஆனால் அம்மா மறுநாளிலிருந்து ஷிப்ட் பஸ் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் போய் நிற்க ஆரம்பித்தாள். அதற்கு முன்பெல்லாம் அப்பா வந்து கதவைத் தட்டினால்தான் அடுப்படியை விட்டு வருவாள். இப்போது வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பஸ் வரும் பக்கமே பார்த்தபடி, அந்தப் பெண்களைப் போலவே நின்றாள். எனக்கு முழுப் பரீட்சை லீவு, தினமும் பார்த்தேன். மாமாவின் புத்தகத்தில் தன் படமும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போய், மாமா இன்றைக்கு வரமாட்டார், கேமராவில் ஃபிலிமும் இல்லை என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

“நீ போயி சாப்புடுடி” என்றாள், என்னைப் பார்க்காமல்.

பஸ் வந்தது. அப்பா இறங்குவது தெரிந்ததும், அவர் கண்ணில் படுவதற்குள் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். அவர் உள்ளே வந்தபோது ஒன்றும் நடக்காததுபோலத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு முதல் ஷிப்ட் வரும் வாரமெல்லாம் இதே கதைதான். இவ்வளவு நன்றாக நிற்கிறாள், எடுக்கத்தான் ஆளில்லை என்று எனக்கு அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது.