தூக்க ஆள் வேண்டாத வண்டி

பக்கத்து வீட்டுப் பெண்மணி காரின் பின்கதவைத் திறந்து வைத்து, இடது கையால் கூரையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அந்தச் சாக்கைத் தூக்குகிறார். சாக்கு முழங்கால் உயரம் வந்து நின்றுவிடுகிறது. கீழே வைக்கிறார். வாயைப் பிரித்து ஒரு டப்பா வெள்ளைப் பொடியை அள்ளி வாளியில் கொட்டுகிறார். கட்டுகிறார். மறுபடி தூக்குகிறார். இம்முறை இடுப்பு வரை வருகிறது. இன்னொரு டப்பா. ஒரு வாரமாக மாலையானால் இதுதான் நடக்கிறது. எதிர்வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் என்னிடமே விசாரித்துவிட்டார்: “மாவு யாவாரம் எதுவும் ஆரம்பிச்சிருக்காங்களா?”

அது மாவல்ல, பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டர். ஒரு பல் மருத்துவமனையின் பின்கூடத்தில் பல்செட் செய்வது அவருடைய தொழில். அங்கே எல்லோருக்கும் அவர் ‘செட்டு மேடம்’. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் வலது காலை எடுத்துக்கொண்டது. அந்தக் காலுக்கு இரும்புச் சட்டம், கைக்கு ஒரு ஊன்றுகோல். காலால் மிதிக்க வேண்டியதையெல்லாம் கையால் இழுக்கும்படி மாற்றிய ஒரு சின்னக் கார். அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஊரில் யாருக்கும் அவர் சளைத்தவர் அல்ல. லாரிக்காரர்களைக் கண்ணாடியை இறக்கித் திட்டுவார். இறங்கினால்தான் சிக்கல்.

மனிதர்களைப் பார்க்கும்போது அவர் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறார். எங்கள் குடியிருப்பின் செயலாளர் பெயர் இன்றுவரை அவருக்குத் தெரியாது. “மேல் வரிசையில ரெண்டாவது பல்லு உள்வாங்கி இருக்குமே, அந்த ஆளா?” என்றுதான் கேட்பார். என் கீழ்த்தாடையில் இருக்கும் செட்டும் அவர் கைவேலைதான். அதில் ஒரு பல்லை வேண்டுமென்றே லேசாகச் சாய்த்து வைத்திருக்கிறார். கோணலாக இருக்கிறதே என்றேன். “எல்லாம் நேரா நின்னா ஓட்டு கேக்க வந்த ஆளு மாதிரி இருப்பீங்க” என்றார்.

சாக்குக் கதைக்கு வருகிறேன். அவருடைய பல்கூடம் இத்தனை நாளும் கார் நிறுத்துமிடத்தை ஒட்டியே இருந்தது. போன மாதம் அதைப் புதுக் கட்டடத்துக்கு, வளாகத்தின் அடுத்த கோடிக்கு மாற்றிவிட்டார்கள். வெயிலில் அந்தத் தூரத்தைச் சட்டம் கட்டிய காலோடு கடந்து போய்ச் சேர்ந்தால், பல் அடுக்க வேண்டிய கை அரை மணி நேரம் நடுங்கிக்கொண்டிருக்கும். வாசலில் சக்கர நாற்காலி உண்டு. அதைத் தள்ளும் ஆள் எப்போதும் வேறெங்கோ இருப்பார். சில நாள் தாமதமானது. நிர்வாக அதிகாரி கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வரவேற்பு மேசையில் உட்காரச் சொன்னார். சம்பளம் அதேதான், வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தால் போதும் என்று ஆறுதல் வேறு.

“சிரிக்கிறது மத்தவங்க வேலை சார். அதுக்குப் பல்லு செய்யிறதுதான் என் வேலை” என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்லிவிட்டாரே தவிர, அன்றிரவு சாப்பிடவில்லை என்று அவர் கணவர் என்னிடம் சொன்னார்.

இதைத் தலையெழுத்து என்று சொல்லி உச்சுக்கொட்ட ஆட்கள் இருக்கிறார்கள். யாரோ ஒருவர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கட்டடத்துக்குக் கோடு போட்டார். கோடு போட்டபோது இவரை நினைக்கவில்லை. தலையில் எழுதியவனைத் தேடி எங்கும் போக வேண்டாம், வரைபடத்தின் மூலையில் கையெழுத்தே இருக்கிறது.

ஆகவே மடக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய், இறங்கி, விரித்து, ஏறிப் போகிற மாதிரி ஒரு சின்ன மின்வண்டி வாங்குவதென்று முடிவானது. கணவர் எரிவாயு அடுப்பு பழுதுபார்ப்பவர். இளகிய மனம், முரட்டுக் கை. எந்த வண்டியானாலும் நான் தூக்கி வைக்கமாட்டேனா என்றார். மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காலையில இங்க ஏத்திடுவீங்க. அங்க போய் இறக்குறது யாரு, உங்க ஆவியா?” சாக்கு அப்படித்தான் வந்தது. ஒற்றைக் கையால், நின்றபடி, மூச்சு வாங்காமல் எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவுதான் சாக்கில் மிஞ்சியது. அந்தச் சாக்கையும் தூக்கிப் போட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கடை கடையாகப் போனார்.

முதல் கடைக்காரர் நல்ல மனிதர்போலத்தான் தெரிந்தார். ஆனால் பேசியதெல்லாம் என்னிடமும் மேடத்தின் கணவரிடமும். அவங்க எவ்வளவு எடை, அவங்களுக்குக் கை வேலை செய்யுமா, அவங்க எவ்வளவு நேரம் உட்காருவாங்க. இரண்டடி தள்ளி ஊன்றுகோலில் சாய்ந்தபடி நிற்கிறவரின் காது வேலை செய்யுமா என்று மட்டும் கேட்கவில்லை. “வேலை முடியிற வரைக்கும் உக்காருவேன்னு அவர்கிட்ட சொல்லுங்க” என்று அவர் என்னிடம் சொன்னார். நானும் வார்த்தை மாறாமல் சொன்னேன். அப்போதும் அந்த மனிதருக்கு உறைக்கவில்லை, தலையாட்டிக்கொண்டார்.

இரண்டாவது கடை பளபளவென்றிருந்தது. சிவப்பில் ஒரு வண்டி, பொத்தானை அமுக்கினால் தானே மடங்கிக்கொண்டது. கணவர் சொக்கிப்போய் மூன்று முறை அமுக்கிப் பார்த்தார். அட்டையில் எழுதியிருந்த எடையைப் படித்தால் சாக்கைவிடக் குறைவு. மேடம் வண்டியின் பிடியைப் பற்றி இழுத்தார். அசையவில்லை. காரிலிருந்து சாக்கைக் கொண்டுவரச் சொல்லி அதைத் தூக்கினார், வந்தது. வண்டியைத் தூக்கினார், வரவில்லை. அட்டையைக் காட்டி இது எதனுடைய எடை என்று கேட்டார். பேட்டரியும் சீட்டும் சேராத எடை என்றார் விற்பனையாளர்.

“பேட்டரி இல்லாம ஓடுமா?”

“ஓடாது மேடம்.”

“சீட்டு இல்லாம நான் எங்க உக்கார்றது?”

விற்பனையாளர் சிரித்துச் சமாளித்தார். பிறகு, இதெல்லாம் ஒரு விஷயமா என்ற தொனியில், “எப்பிடியும் தூக்கி வைக்க ஒரு ஆளு கூட வருவாங்கல்ல மேடம்?” என்றார்.

நடக்க முடியாதவர் தனியாகப் போகத்தான் அந்த வண்டி. அதைப் படம் வரைந்து, வார்த்து, வண்ணம் பூசி, அட்டை அச்சடித்து, கண்ணாடிக்குள் நிறுத்தி வைத்த அத்தனை பேரும் பக்கத்தில் ஒரு பலசாலி நிற்பார் என்றே நினைத்திருக்கிறார்கள். ஒருவருக்குக்கூட மாற்றி யோசிக்கத் தோன்றவில்லை. அங்கே இருந்த ஒரு வாடிக்கையாளர் அம்மாள் மேடத்தின் தோளைத் தொட்டு, உங்க தைரியத்தைப் பார்த்தால் கண் கலங்குது என்றார். “மங்கலாத் தெரிஞ்சா டாக்டரப் பாருங்கம்மா” என்று சொல்லிவிட்டுச் சாக்கோடு வெளியேறினார்.

கிடைத்தது ஒரு பட்டறையில். வண்டி பழைய ஆஸ்பத்திரிக் கட்டிலின் நிறம். மூன்று சக்கரம், முக்காலிபோல ஒரு சீட்டு. ஒரு கொக்கியை நெம்பினால் இரண்டாகக் கழன்றுகொள்ளும்; பேட்டரி தனியே கையில் வந்துவிடும். முன்பாதியைத் தூக்கினார், பின்பாதியைத் தூக்கினார். இரண்டும் தனித்தனியே சாக்கைவிட லேசு. கொக்கியை ஒற்றைக் கையால் கழற்றி மாட்டிப் பார்த்தார், விரல் சிக்குமா என்று பேனாவை விட்டுப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து பட்டறையின் கழிப்பறைக்குள் ஓட்டிப்போய், கதவைச் சாத்தி, திறந்து, பின்பக்கமாகவே வெளியே வந்தார். இது எதற்கு என்று பட்டறைக்காரர் கேட்டார். “கக்கூஸ் கதவுல நுழையாத வண்டிய வெச்சிக்கிட்டு ஊர்வலமா போறது?” என்றார் அவரிடம்.

கணவருக்குச் சிவப்பு வண்டியின் மேல் ஆசை விடவில்லை. இது ஐஸ் விற்கிற வண்டி மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தார். “ஆமா, ஐஸ் வண்டிதான். நீங்க கை காட்டினா நிக்காது.” அன்று மேடத்தின் முகத்தில் பார்த்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சொந்தப் பல் அத்தனையும் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை என் செட்டை ராவிச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருந்ததால், அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றியபடி புதுக் கட்டடத்தின் கூடத்தில் காத்திருந்தேன். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால், வளாகத்தின் அந்தக் கோடியில் கார் நின்றது. பின்கதவு திறந்தது. யாரும் பக்கத்தில் போகவில்லை. சற்று நேரத்தில் அந்தச் சாம்பல் நிற வண்டி மரங்களைக் கடந்து, மடியில் பையோடு, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. தானே திறக்கும் கதவு திறந்தது. காவலாளி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“அக்கா, வண்டிய வெளிய விட்டுட்டு வரச் சொல்றாங்க.”

“விட்டுட்டு எதுல வர்றது?”

காவலாளி பின்னால் கைகாட்டினார். வாகனங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்ற பலகை அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கியது. நிர்வாக அதிகாரி வந்தார். தரை புதிது, கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது, விதி எல்லோருக்கும் பொது என்று விளக்கினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, இரும்புச் சக்கர வண்டியில் ஆக்ஸிஜன் சிலிண்டரை வைத்து ஒருவர் கடகடவென்று அதே தரையில் உருட்டிக்கொண்டு போனார். அதிகாரி அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, பேச்சைத் தொடர்ந்தார்.

பிறகு சட்டென்று ஒரு நல்ல யோசனை தோன்றியவர்போலத் திரும்பி, “ரெண்டு பேரு வாங்கப்பா, மேடத்தத் தூக்கி உள்ள விடுங்க” என்றார். பணியாளர்கள் இருவர் வந்தார்கள். கேட்கவில்லை, சொல்லவில்லை. அவருடைய இரு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள். சீட்டிலிருந்து உடம்பு எழும்பியது. சட்டம் கட்டிய கால் ஆடியது. ஊன்றுகோல் விழுந்து தரையில் ஒலித்தது. காத்திருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணை, அவர் வேலை செய்கிற இடத்தில், அரிசி மூட்டையைப்போல. நான் எழுந்து கத்தினேன். பல்லில்லாத வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

“கைய எடுங்க.”

அவர் குரலை உயர்த்தவில்லை. இருவரும் விட்டுவிட்டார்கள். சீட்டில் சரியாக உட்கார்ந்து, சேலை முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை, மனம் புண்பட்டிருந்தது. “உதவிதானே மேடம் பண்ணோம்?” என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார். அதிர்ச்சி எனக்கு அங்கேதான்.

அதற்குள் உள்ளேயிருந்து பல் மருத்துவர் வந்துவிட்டார். ஒரு பள்ளி ஆசிரியை கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி நாற்காலியில் காத்திருக்கிறார், செட் தயாரா என்று கேட்டார்.

“நான் வேலை பாக்குற பெஞ்சு உள்ள இருக்கு டாக்டர். என் காலு இங்க வாசல்ல நிக்குது.”

மருத்துவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “சரி சரி, இன்னிக்கு மட்டும் போகட்டும்” என்றார், பெருந்தன்மையோடு. காவலாளி பெருமூச்சுவிட்டு, ஊன்றுகோலை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

“நாளைக்கு?”

“நாளைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம் மேடம்.”

அவர் வண்டியை ஓரடி முன்னே நகர்த்தினார். முன்சக்கரம் கதவு ஓடும் கோட்டின்மேல் ஏறியதும் நிறுத்தினார். கண்ணாடிக் கதவுகள் இரு பக்கமிருந்தும் மூட வந்தன, ஆள் இருப்பதைக் கண்டு பின்வாங்கின, மறுபடி வந்தன, மறுபடி பின்வாங்கின. அவருக்குப் பின்னால் வெளியே நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். போங்களேன் மேடம் என்றார் அதிகாரி, இப்போது கெஞ்சலாக.

அவர் வண்டியின் மோட்டாரை அணைத்தார். சாவியை உருவினார். அதைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாக இழுத்து மூடினார்.