சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

பொத்தேரியை விட்டுத் தாம்பரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டையும் ஒரு லினக்ஸ் சி.டி.யும். படுக்க இடம் தந்த பிரவுசிங் சென்டரிலிருந்து சற்று முன்புதான் துரத்தப்பட்டிருந்தேன்.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். கம்ப்யூட்டரை அடுத்தவர் கம்ப்யூட்டர்களில் கைவைத்துக் கற்றேன். அந்தக் கடையில் இரண்டு ஹார்டு டிஸ்க் போட்டு, எழுதுவதெல்லாம் இரண்டிலும் பதிவாகும்படி செய்திருந்தேன். ஒன்று செத்தாலும் மற்றது ஓடும் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடிய மெஷினை ஆயுத பூஜைக்கு அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார். கடை திறந்த காலையில் அது எழவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மினுங்கியது.

“ஒண்ணு பூட்டா இன்னொண்ணு ஓடும்னியே? மொத்தமா படுத்துகினு கீது. இன்னாடா இது?”

“என் வேலைல தப்பில்லண்ணா. சந்தனத் தண்ணி உள்ள எறங்கியிருக்கும்.”

“சாமிக்கு வச்ச சந்தனத்தையா கொற சொல்ற? கெளம்பு!”

மறுநாள் கொடுக்கவேண்டிய புராஜெக்ட் ரிப்போர்ட்டை அதில் வைத்திருந்த மாணவர்கள் வாசலில் நின்றார்கள். “மச்சான், நம்ம டிகிரி சந்தனத்துல கரைஞ்சிடுச்சு” என்றான் ஒருவன்.

நடந்தால்தான் எனக்கு மூளை ஓடும். கூடுவாஞ்சேரி வருவதற்குள் புரிந்துவிட்டது. முதல் டிஸ்க் செத்திருக்கிறது. இரண்டாவதில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் மெஷினை எழுப்பிவிடும் பூட் லோடரை முதல் டிஸ்க்கில் மட்டுமே எழுதியிருந்தேன். திரும்பி நடந்தேன்.

முதலாளி முறைத்தார்; மாணவர்கள் என்னை உள்ளே தள்ளினார்கள். சி.டி.யைப் போட்டு மெஷினை எழுப்பி, இரண்டாவது டிஸ்க்கிலும் பூட் லோடரை எழுதினேன். “ரெண்டாவதுக்கு எல்லாம் தெரியும், மெஷின எழுப்பிவிட மட்டும் தெரியல” என்று மாணவர்களிடம் சொன்னேன். அணைத்துப் போட்டதும் எழுந்துகொண்டது. கைதட்டினார்கள்.

“அப்ப சந்தனம்?” என்றார் முதலாளி.

“சந்தனம் சுத்தம்ணா.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? போ, போ. சாமிய பேசினவன் இங்க வேணாம்.”

கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து மெஸ்காரர் என்னைக் காலையில் வரச் சொன்னார். போனேன். பரோட்டா மாஸ்டருக்குத் துணையாள் வேலை.

“மாஸ்டர் வரலன்னா நீ சமாளிப்பியா?”

“மாவு பிசைவேன், வீசுவேன், சால்னா வைப்பேன்.”

“அதெல்லாம் கெடக்கட்டும். அடுப்பு பத்த வைக்கத் தெரியுமா?”

தெரியும் என்றேன். நம்பவில்லை. எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டுத் தீப்பெட்டியை நீட்டினார்.