எதிரணியில் என் வீட்டுக்காரர்

உரிமம் வைத்திருக்கிற ஒருவர் மிருகக்காட்சி சாலைக்குத் துப்பாக்கியோடு போகலாமா, கூடாதா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பர் துபாயில் ஒரு ஹோட்டல் மாடியில் எங்கள் தமிழ்ச் சங்கத்து நாற்பது குடும்பங்கள் கூடி வாதாடினோம். எங்களில் ஒருவரும் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு ஏசி மெக்கானிக் உண்டு. அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போகும் வழியில் அவருடைய தங்கை இங்கே இரண்டு நாள் தங்கினாள். அவள் இருக்கும் ஊரில் மிருகக்காட்சி சாலை வாசலில் துப்பாக்கி கொண்டு வரக் கூடாது என்று பலகை வைத்தார்களாம். உரிமம் உள்ள எங்களைத் தடுக்க நீங்கள் யார் என்று சிலர் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். மெக்கானிக் இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். முதலில் ஒருவரும் நம்பவில்லை. நம்பிய பிறகு ஒரு வாரம் அதைப் பற்றியே பேச்சு. ஆண்டுவிழாப் பட்டிமன்றத்துக்கு வழக்கம்போல 'குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா' என்று முடிவு செய்திருந்தார்கள். அதைத் தள்ளிவிட்டு இதையே தலைப்பாக்கினார்கள்.

யார் எந்த அணி என்பதற்குச் சீட்டு எடுத்தோம். எனக்கு 'கொண்டு போகலாம்' என்று வந்தது. என் வீட்டுக்காரருக்கு 'கூடாது'. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் இங்கே நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு மிருகக்காட்சிப் பூங்காவில் வாசல் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வருகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதுதான் ஒன்பது வருடமாக அவருடைய டூட்டி. நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட மகளைத்தான் கூப்பிடுவேன்.

அந்த இரண்டு வாரமும் எங்கள் ஷார்ஜா ஃபிளாட்டில் விசித்திரமாக இருந்தது. அவர் படுக்கையறையில் எழுதுவார், நான் அடுக்களையில் எழுதுவேன். நான் உள்ளே போனால் நோட்டை மூடுவார். மகள் இரண்டு பேருக்கும் ஆங்கிலத்தில் தேடிக் கொடுத்தாள். ஒருவர் கேட்டதை மற்றவரிடம் சொல்லவே மாட்டாள்.

எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. என் மனசுக்கே ஒவ்வாத பக்கத்தை எப்படிப் பேசுவது? டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் நாலு மணி நேரம் படுத்தே கிடக்க வேண்டும், பேச்சுத்துணை கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள். பெஷாவர் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், அறுபது வயதிருக்கும், வாரத்துக்கு மூன்று நாள் வருவார். அவர் ஊரில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார். அவரிடம் கேட்டேன். துப்பாக்கியை மதிக்கத் தெரிந்தவன் வாய்ச்சண்டைக்குப் போகமாட்டான், யாராவது திட்டினாலும் விலகிப் போய்விடுவான், கையில் இருப்பது என்னவென்று அவனுக்குத்தான் தெரியும் என்றார். எனக்கு அது போதும். அவர் கையில் ஊசி ஏற்றியபடியே மனப்பாடம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாடி ஹால் நிறைந்துவிட்டது. நடுவர், தேராவில் துணிக்கடை வைத்திருக்கும் கீழக்கரை ஹாஜியார். அவர் பேசினாலே ஹால் குலுங்கும். இது அமெரிக்கக்காரர் பிரச்சினை, நமக்கு இங்கே அந்தத் தலைவலி இல்லை, ஆனாலும் அடுத்த வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஆரம்பித்தார்.

என் முறை வந்தது. மைக்கைப் பிடித்ததும் எனக்குள் எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. பலகையைப் படித்துவிட்டுத் துப்பாக்கியைக் காரில் வைத்துவிட்டு வருகிறவன் நல்லவன், கெட்டவன் பலகையைப் படிக்கவே மாட்டான், அப்படியானால் அந்தப் பலகை யாரைத் தடுக்கிறது என்று கேட்டேன். முதல் கைத்தட்டல் விழுந்தது. லாரி டிரைவர் சொன்னதை அவர் பெயரில்லாமல் அவர் வார்த்தையிலேயே சொன்னேன். அரசாங்கமே விசாரித்து உரிமம் கொடுத்த மனிதனை ஒட்டகச்சிவிங்கி பார்க்க விடமாட்டேன் என்றால் அந்த உரிமத்துக்கு என்ன மரியாதை என்று முடித்தேன். கைத்தட்டல் ஓய நேரமாயிற்று. எதிரே என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுத்து அவர்தான். எழுதிக்கொண்டு வந்த தாள்களை எடுத்தார். நான் சொன்னதற்கு அதில் பதில் இல்லை போலிருக்கிறது. மடித்துப் பையில் வைத்துவிட்டு, "நடந்த ஒண்ணச் சொல்லுதேன்" என்றார்.

ஒருநாள் ஓமானிலிருந்து ஒரு பெரியவர் பேத்திகளோடு வாசலுக்கு வந்தாராம். கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்ததால் முழு உடுப்பு. இடுப்பு வாரில் வெள்ளி உறை போட்ட கஞ்சர், அவர்கள் ஊர் ஆண்கள் மரியாதைக்குச் செருகிக்கொள்ளும் வளைந்த குறுவாள். உள்ளே கொண்டு போகக் கூடாது என்று சொன்னதும் பெரியவர் முகம் மாறிவிட்டது. இது என் தகப்பனார் கொடுத்தது, இதைக் கழற்றச் சொல்வது தலைப்பாகையைக் கழற்றச் சொல்வது போல என்று இந்தியில் சொன்னாராம். பேத்திகள் திரும்பிப் போய்விடுவோமோ என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

இவர் பெரியவரை ஆபீஸ் அறைக்குள் கூட்டிப் போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். லாக்கரில் போடமாட்டேன், நீங்கள் வரும்வரை நானே என் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் வாரோடு கழற்றி இவர் கையில் கொடுத்தாராம். மூன்று மணி நேரம் இவர் அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை, சாப்பிடவும் போகவில்லை.

திரும்பி வந்த பெரியவர், உருவிப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றார் இவர். இப்போது பார் என்றாராம். இவர் இழுத்தார், வரவில்லை. பெரியவரும் இழுத்தார், வரவில்லை. துருப்பிடித்து உறையோடு ஒட்டிப்போய் இருபது வருடமாகிறது, தகப்பனார் போனதிலிருந்து அதை யாரும் உருவியதே இல்லை என்று சொல்லிப் பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம்.

ஹாலும் சிரித்தது. ஹாஜியார் மணியடிக்க மறந்துவிட்டார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அது வெளிய வராதுன்னு அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாதுல்லா. பின்னால வரிசையில கைக்குழந்தையோட நின்ன பொம்பளைக்கும் தெரியாது. உரிமம் உள்ளவர் நல்லவர்னு நீ சொல்லுத, நானும் ஒத்துக்கிடுதேன். ஆனா அவரு நல்லவர்னு அவரு நெத்தியில எழுதியிருக்காது. குரங்கு பார்க்க வந்தவ குரங்கத்தான் பார்க்கணும், பக்கத்துல நிக்கவன் இடுப்பப் பார்த்துக்கிட்டு நிக்கக் கூடாது."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் எதிரணி என்பதை மறந்து கைதட்டினேன். என் பக்கத்தில் இருந்த அணித்தலைவி முழங்கையால் இடித்தாள். ஒன்பது வருடமாக டூட்டி எப்படி இருந்தது என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்பதுதான் அவருடைய பதில். அந்த 'ஒண்ணுமில்ல'வுக்குள் இப்படியெல்லாம் இருந்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதையும் நாற்பது குடும்பங்களோடு சேர்ந்து கேட்கவேண்டியிருந்தது. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஹாஜியார் தீர்ப்புச் சொன்னார். மிருகக்காட்சி சாலையில் கூண்டுக்குள் இருப்பதை வெளியே விடக் கூடாது, வெளியே இருக்கவேண்டியதை உள்ளேயும் விடக் கூடாது. துப்பாக்கிக்காரர் தாராளமாக வரலாம், துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். சிறந்த பேச்சாளர் பரிசை எனக்குக் கொடுத்தார். மனசில்லாத பக்கத்தை மனசோடு பேசினவருக்கு என்றார். பெரிய சைஸ் ஹாட்பாக்ஸ்.

காரில் வரும்போது மகள் பின்சீட்டிலிருந்து, அம்மா நிஜமாக எந்தப் பக்கம் என்று கேட்டாள். அப்பா பக்கம் என்றேன். ஆனால் கெட்டவன் பலகையைப் படிக்கமாட்டான் என்பதற்கு அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை என்றும் சொன்னேன். "அதுக்குத்தான் பலகைக்குப் பக்கத்துல என்னை நிறுத்தியிருக்கான்" என்றார் இவர். மேடையில் இது தோன்றாமல் போனதே என்று ஷார்ஜா சிக்னல்வரை வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

அடுத்து வந்த லீவு நாளில் சொல்லாமல் கொள்ளாமல் மகளைக் கூட்டிக்கொண்டு அவருடைய வாசலுக்குப் போனேன். டூட்டியில் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சீருடையில் இன்னும் உயரமாகத் தெரிந்தார். என்னைப் பார்த்துத் திகைத்துவிட்டு, உடனே சமாளித்துக்கொண்டு மற்றவர்களைப் போலவே என் பையையும் திறக்கச் சொன்னார். பைக்குள், நான் வார்டில் பேண்டேஜ் வெட்டும் கத்தரிக்கோல் கிடந்தது. சிரிக்காமல் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார். "மேடம், யல்லா" என்று அரபியில் உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நானும் மகளும் ஃபிளமிங்கோ பறவைகள் இருக்கும் பக்கமாக நடந்தோம்.