பின்சக்கரத்துக்குப் பாரம்

மீன் விற்றுத் தீர்ந்த தெர்மாகோல் பெட்டியில் வேன் கடைக்காரி கயோகோ பனியை அள்ளிப் போட்டு, மண்வாரியின் முதுகால் தட்டி இறுக்கினாள். ஒன்று நிறைந்ததும் அடுத்தது. டோஃபு வாங்க வந்த தோமியே பாத்திரத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

"மீனைக் குடுத்துட்டுப் பனியை ஏத்திட்டுப் போறியே, இதுல உனக்கு என்னடி லாபம்?"

"நீ ஏறி உக்காரு, பனியே வேணாம்."

தோமியே சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். உடனே கயோகோ அதட்டினாள். "பின்கதவோரமா வைக்காத. முன்பக்கம் தூக்கிடும், அப்புறம் ஸ்டியரிங் என் பேச்சைக் கேக்காது. சக்கரத்துக்கு நேர் மேல வை."

இருபத்திரண்டு வயதான வேன் அது. இழுப்பதெல்லாம் பின்சக்கரம்தான். காலையில் அரிசி, மீன், சோயா சாஸ், முள்ளங்கி ஊறுகாய் என்று கழுத்துமுட்டக் கிளம்பும்போது எந்த மேட்டுக்கும் அசராது. அப்போது பனிக்கோ மணல்மூட்டைக்கோ உள்ளே இடமும் கிடையாது. விற்க விற்கப் பின்புறம் லேசாகிவிடும். பிறகு பனி டயரும் சங்கிலியும் இருந்தும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் வியாபாரம் நன்றாக நடந்த நாளில்தான் அவள் மண்வாரியை எடுப்பாள். ஜப்பானின் நீகாத்தா மலைப்பக்கத்தில் இப்படி ஒரு கடைக்காரியை வேறெங்கும் பார்க்க முடியாது.

அவள் சுற்றில் கடைசி வீடு கடைசி மேட்டின் உச்சியில் இருக்கிறது. இகராஷி என்ற எண்பத்திரண்டு வயதுக்காரர் தனியாக இருக்கிறார். முழங்கால் போனதிலிருந்து அவருக்குக் கடை என்றால் இந்த வேன்தான். மேடு தொடங்கியதும் கயோகோ ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டை நிறுத்திவிடுவாள். சக்கரத்தின் சத்தம் காதில் விழவேண்டும் அவளுக்கு.

போன செவ்வாய் பாதி மேட்டில் வேன் பின்னால் சரிந்தது. ஓடைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம். செய்தி கேட்ட கணவன் மித்சுவோ சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "அந்த ஒரு வீட்டுக்காக உன்னைத் தொலைக்க முடியாது. அடுத்த வாரம் போய், இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துடு." அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்தச் செவ்வாய் இகராஷி தொலைபேசியில் மூன்று மூட்டை அரிசி கேட்டிருந்தார். பனிப்பெட்டிகளோடு அந்தத் தொண்ணூறு கிலோவும் சேர, வேன் ஒரு தடவைகூட வழுக்காமல் ஏறியது. பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள். மேடு ஏறி முடியும்வரை, சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்று கதவைத் தள்ளியவள் அங்கேயே நின்றாள். நடையோரம் அரிசி மூட்டைகளும் உப்பு மூட்டைகளும் இடுப்பளவு அடுக்கியிருந்தன. வாராவாரம் அவள் வாசலில் இறக்கிவிட்டுப் போனவைதான்; ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"இதெல்லாம் யார் சாப்பிடறதுக்கு?"

இகராஷி திருட்டுத்தனம் பிடிபட்டவர் மாதிரி பார்வையைத் திருப்பினார். "பாட்டு நின்னா ஜன்னலுக்கு வந்துடுவேன். டிசம்பர்லயே சக்கரம் சும்மா சுத்துறதைப் பாத்தேன். கனமா ஏதாச்சும் கேட்டா கடைசி வரைக்கும் வண்டியில இருக்குமேன்னு... போன வாரம் ஒரு மூட்டை பத்தல." பிறகு கேட்டார்: "என்னமோ பேசணும்னியே?"

கயோகோ டோஃபுவையும் வெங்காயத்தாளையும் அவர் கையில் வைத்தாள்.

"இன்னிக்கு ஏத்திட்டு வந்த மூணு மூட்டையும் இனிமே வண்டியோடதான் இருக்கும், பனி உருகுற வரைக்கும். நீங்க டோஃபு மட்டும் கேளுங்க."

பிறகு வேனுக்குள் ஏறி, பின்சக்கரத்துக்கு மேலே இருந்த பிஸ்கட் அடுக்கும் பலகையைக் கழற்றி அவர் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, காலியான இடத்தில் முதல் மூட்டையைத் தள்ளினாள்.